மூன்றாவது கிணறு

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, வேலூருக்கு வெளியே நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்குத் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வந்தது. நான் அங்கே வேதியியல் பேராசிரியர். குழுவை வரவேற்று, மூன்று நாளும் சுற்றிக் காட்டி அனுப்பிவைக்கும் ஒருங்கிணைப்பாளர் வேலையும் என்னிடம்தான் இருந்தது. அந்த மூன்று நாளில் நான் செய்த ஒரு காரியத்தை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அறுபத்தெட்டு வயதாகிறது. இனியும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் நல்ல இடம். நான் சேர்ந்தபோது இரண்டு கட்டடமும் வேலிக்காத்தான் முள்ளும்தான் இருந்தன. என் கண் முன்னால்தான் நூலகம் வந்தது, ஆய்வுக்கூடங்கள் வந்தன. விடுதியில் ஏழு மாநிலப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாலையோரப் புங்க மரங்களில் பத்துப் பன்னிரண்டு நானே நட்டவை. யாராவது ஊரிலிருந்து வந்தால் கோட்டையைக் காட்டுவதற்கு முன்னால் எங்கள் வளாகத்தைத்தான் காட்டுவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

குழு வருவதற்கு மூன்று வாரம் முன்பே ஒத்திகை தொடங்கிவிட்டது. மரங்களுக்குக் காவியும் வெள்ளையும் அடித்தோம். விடுதிச் சாப்பாட்டில் திடீரென்று பழம் வந்தது, குருமாவில் காய் தென்பட்டது. "சார், இந்தக் கமிட்டிய மாசா மாசம் வரச் சொல்லுங்க சார்" என்று ஒரு பையன் என்னிடமே சொன்னான். நானும் சிரித்தேன்.

எங்கள் துறையில் காட்டுவதற்கு ஒரு நல்ல ஆய்வு இருந்தது. முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருத்தி செய்தது. ஆம்பூர்ப் பெண். அப்பா தோல் தொழிற்சாலையில் கூலி. தன் வீட்டைச் சுற்றியிருந்த ஐந்து கிணறுகளின் தண்ணீரை எடுத்து, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று ஆறு மாதம் அளந்திருந்தாள். வாரா வாரம் கேனில் தண்ணீர் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவாள். வழிகாட்டி நான்தான்.

ஒத்திகையில் நான் குழுத் தலைவராக நடித்து அவளிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அவளுக்குப் பதற்றம். "இன்னா சார் கேட்டீங்க?" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

நானும் வாலாஜா பக்கத்துக்காரன்தான். என் வீட்டிலும் யாரும் "என்ன" என்று சொல்வதில்லை, எல்லாருக்கும் "இன்னா"தான். கல்லூரிக்குப் போன புதிதில் அந்த ஒரு சொல்லுக்காக என்னைக் கேலி செய்தார்கள். வருடக்கணக்கில் பழகிப் பழகி அதை என் நாக்கிலிருந்து எடுத்தேன். அவள் வாயில் அது வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் அவ்வளவு கோபம் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவள் ஆய்வை விளக்க வேறொரு மாணவனைப் போட்டேன். சென்னையில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆங்கிலம் தண்ணீராக ஓடும். என்ன பேச வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், மனப்பாடம் செய்துகொண்டான். அவளை அழைத்து, "நீ பக்கத்துல நின்னு பாட்டில்களை எடுத்துக் கொடும்மா, போதும். யார் எது கேட்டாலும் வாயத் திறக்காத. பல்கலைக்கழகத்தோட மானம் இதுல இருக்கு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

குழு வந்தது. தலைவர் வடநாட்டுக்காரர், பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் நீர் வேதியியல்தான் அவருடைய துறை. எங்கள் மேசைக்கு வந்தவர் நகரவே இல்லை. பையன் அழகாகப் பேசினான். அவள் ஐந்து பாட்டில்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தலைவர் அட்டவணையில் விரல் வைத்து ஒரு கேள்வி கேட்டார். கழிவுநீர்க் கால்வாயை ஒட்டியே இருக்கிறது மூன்றாவது கிணறு, அதில்தானே உப்பு அதிகம் இருக்க வேண்டும், எப்படி எல்லாவற்றையும்விடக் குறைவாக இருக்கிறது என்று.

நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. பையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. நான் மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினேன். அப்புறம் நானே முன்னால் போய், அது அளவீட்டில் நேர்ந்த பிழை, மாணவர்கள் அளந்தது, திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொய். திருத்தச் சொல்லவும் இல்லை, அந்த எண்ணை நான் கவனித்ததும் இல்லை.

தலைவர் சிரித்தார். பிழை இயல்புதான் என்றார். பையனின் முதுகில் தட்டி, கோடையில் இரண்டு மாதம் தன் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அங்கே பயிற்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் பாட்டில்களை மறுபடி தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பையன் கெட்டவன் இல்லை. அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்தான். "சார், அவ போக வேண்டிய இடம் சார் அது. நீங்க ஒரு லெட்டர் போட்டா மாத்திடுவாங்க" என்றான். "குழு இன்னும் கிளம்பல. இப்பப் போய் ஆள் மாறிடுச்சுன்னு சொன்னா இத்தனை நாள் உழைப்பும் போய்டும். நீ போ" என்று அனுப்பிவிட்டேன். குழு கிளம்பிய பிறகும் நான் கடிதம் எழுதவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. நான் சொன்னதும் புத்தகத்தில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டுமே என்று, அவளுடைய ஆய்வேட்டின் துறைப் பிரதியை எடுத்து, மூன்றாவது கிணற்றின் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையால் "அளவீட்டுப் பிழை" என்று எழுதினேன். மதிப்பெண்ணிலும் கொஞ்சம் குறைத்தேன்.

குழுவின் அறிக்கை வந்தது. எங்கள் வளாக வாழ்க்கையையும் கல்வித் தரத்தையும் வாயாரப் பாராட்டியிருந்தார்கள். மாணவர்கள் தங்கள் ஆய்வைத் தாங்களே தெளிவாக விளக்கியது மனநிறைவு தந்தது என்று ஒரு வரி. அந்த வரியைத் தமிழில் எழுதி நுழைவாயிலில் பலகையாக வைத்தார்கள். மொழிபெயர்த்தது நான். "தாங்களே" என்ற சொல்லை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் எழுதிவிட்டது.

அவள் படிப்பை முடித்துப் போனாள். மேலே படிக்க விண்ணப்பம் எதுவும் வாங்க வரவில்லை. நானும் ஓய்வு பெற்றேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்த்த நண்பரின் மகள் கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மதியம் வேலூர் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. ஊரைத் தாண்டி ஒரு ஷூ கம்பெனி வாசலில் பஸ் நின்றது. அரை நாள் வேலை முடிந்த பெண்கள் இருபது பேர் ஏறினார்கள். ஏறின வேகத்தில் ஒருத்தி கீழே இறங்கின யாருடைய இடத்தையோ பிடித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து எழுந்துகொண்டாள்.

"இன்னா சார், நின்னுகினு வர்றீங்க? குந்துங்க."

அவள்தான். முகம் கொஞ்சம் பெருத்திருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. சட்டைக் கையில் சிவப்பாக ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "குவாலிட்டி செக்கிங்ல கீறேன் சார். ஷூவுல எங்க தப்பு கீதோ அங்க இத்த ஒட்டணும்" என்று சொல்லிப் பிய்த்து எறிந்தாள். கல்யாணமாகி மாதனூரில் இருப்பதாகச் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற பெண் அவள் இடுப்பில் இடித்து, "யாருடி இவரு?" என்றாள்.

"எனக்கு யுனிவர்சிட்டில பாடம் எடுத்த சாரு."

"யுனிவர்சிட்டியா? அவ்ளோ பெரிய படிப்பு படிச்சிட்டா எங்ககூட நின்னுகினு ஷூவ மோந்து பாத்துகினு கீற?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மாதனூர் வர இருபது நிமிடம்கூட இல்லை. எழுந்து அவள் பக்கத்தில் நின்று, "அன்னைக்கு உன்னப் பேச விட்டிருக்கணும்மா. தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேசாதன்னு சொன்னது கூட பரவால்ல சார். எனக்கு இங்கிலீஷ் கம்மிதான், அது எனக்கே தெரியும். அளவு தப்புன்னு சொல்லிட்டீங்களே சார். அந்தத் தண்ணிய நான் மூணு வாட்டி எடுத்து மூணு வாட்டி பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா குறைஞ்சுது?"

"அது பள்ளிவாசல் கெணறு சார். மாடில பேயற மழத்தண்ணி மொத்தத்தையும் பைப்பு வெச்சி அந்தக் கெணத்துல வுட்டுகீறாங்க. அதான் உப்பு கம்மி. தெருவுல யார கேட்டாலும் சொல்லுவாங்க." என் முகத்தைப் பார்த்தாள். "புக்லயே எழுதி இருந்தேனே சார். நீங்க பாக்கலியா?"

மாதனூர் வந்தது. "பாத்து எறங்குங்க சார், வேலூர்ல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நுழைவாயில் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தலையைத் தூக்காமல் உள்ளே போய், துறை நூலகத்தில் அவளுடைய ஆய்வேட்டைக் கேட்டேன். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். என் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. அந்தத் தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தின் மேலே, எளிய ஆங்கிலத்தில், நான்கே வரி. மூன்றாவது கிணறு பள்ளிவாசலுக்குச் சொந்தம், கூரையின் மழைநீர் அதில் சேர்கிறது, உப்பு குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம், மற்றக் கிணறுகளிலும் இப்படிச் செய்து பார்க்கலாம். முன்பக்கத்தில் நான் படித்துச் சரிபார்த்ததாக என் கையெழுத்து.

நூலகரிடம் பேனா வாங்கி என் பழைய எழுத்தை அடித்தேன். கீழே, "அளவு சரி. பிழை வழிகாட்டியுடையது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பலகையை எடுத்துவிடச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர், என் பழைய மாணவர், படித்துவிட்டு, "இப்ப இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?" என்று அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பயிற்சியும் அந்த ஒன்பது வருடமும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

பேரப்பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக இப்போதும் தெரிந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் எப்படி என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். நல்ல இடம் என்றுதான் சொல்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் மடியில் தண்ணீர்க் கேனோடு பஸ்ஸில் வருவது கண்ணில் தெரிகிறது, மேற்கொண்டு பெருமை பேச எனக்கு வாய் எழுவதில்லை.