வெறுங்காலில் எழுந்து நின்ற சார்ஜன்ட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பலேர்மோவின் கால்சாப் பகுதியில் முதிய காலாட்படைச் சார்ஜன்ட் ஒருவரைப் பராமரிப்பது என் தொழிலாயிருந்தது. மன்னாரில் தமிழாசிரியனாயிருந்து போரினாற் பெயர்ந்தவன் நான். ஆதலால் அவர் என்னைப் ‘புரொபெசோரே’ என்றே விளித்தார். அவரைக் குளிப்பாட்டும் வேளையிலும் அந்த மதிப்புக் குறைந்ததில்லை.

இரண்டாம் உலகப்போரில் நேசப்படைகள் சிசிலித் தீவில் இறங்கியபோது, தென்கரையைக் காத்த இத்தாலியப் படையில் அவர் சிறு பிரிவொன்றின் தலைவர். கரை வீழ்ந்தது, பின்வாங்கும்படி ஆணை வந்தது. தம் பிரிவினரைச் சிதறவிடாமல் எத்னா மலைச்சாரல் வழியே மெசினா வரை நடத்திச்சென்று, நீரிணைக்கு அப்பால் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். தோற்ற போருக்கு இவ்வளவு பெருமையா என்று அயலவர் சீண்டுவர். தோற்றவர்கள் தளபதிகள், தம் ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் என்பார் அவர்.

ஆண்டுதோறும் கோடையில் பழைய படையினர் எங்கள் தெருமுனைத் தேவாலயத்தில் திருப்பலிக்குக் கூடுவர். முடிவில் பெயர் இடாப்பு வாசிக்கப்படும். தம் பெயர் கேட்டவர் எழுந்து நின்று ‘பிரெசென்டே’, அதாவது ‘உள்ளேன்’, என்று சொல்லவேண்டும். இறந்தவருக்காக அவருடைய பிரிவைச் சேர்ந்த ஒருவர் சொல்வார். எழுந்து நிற்க இயலாதவருக்காகவும் பிறரே சொல்வர். அவர்களுடைய மரபு அது. சார்ஜன்டின் பிரிவில் எஞ்சியவர் அவர் ஒருவரே. நான் சொல்லும் அந்த ஆண்டில் பக்கவாதம் அவருடைய வலக்காலைத் தளர்த்திவிட்டது. தாம் எழுந்து நிற்காவிடின், தமக்காகவும் தம் ஆட்களுக்காகவும் வேற்றுப் பிரிவினர் குரல் கொடுத்து முடித்துவிடுவர் என்பதே அவரை வருத்திய கவலை.

சக்கர நாற்காலியிற் போகலாமே என்றார் அவருடைய மகள். அதன்பின் சில நாள் கிழவர் அவரோடு கதைக்கவில்லை. மருத்துவர் கொடுத்த கனத்த சப்பாத்தை அணிவித்து, காலைதோறும் கடற்கரை வரை அவரை நடத்திப் பழக்கினேன். நடை ஒருவாறு வந்தது, நிலைதான் வரவில்லை. அசையாது நின்றவுடன் வலக்கால் வழுக்கிச் சென்றது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாயிலில் நான் ஒரு பிழை செய்தேன். மன்னாரிற் கோயில் வாசலில் காலணியைக் கழற்றாமல் எவரும் உட்புகார். பலேர்மோவில் அவ்வழக்கம் இல்லையென்பதை அறிந்தே இருந்தேன். ஆயினும் அன்று என் நினைவெல்லாம் அவருடைய காலிலேயே இருந்தமையால், கை தன் பழைய பழக்கத்திற் சென்றுவிட்டது. அவரைப் படியில் இருத்தி, நாடாவை அவிழ்த்து, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டேன். மகள் திகைத்துப்போனார். மணியோ அடித்துவிட்டது. பதறிக்கொண்டு சப்பாத்தைத் திரும்ப மாட்டக் குனிந்தேன்.

சார்ஜன்ட் பாதத்தைப் பளிங்குத் தரையில் அழுத்திப் பார்த்தார். “விடும், புரொபெசோரே. இப்போதுதான் தரை எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.”

எத்னாவின் எரிமலைக்கல் படைச் சப்பாத்துகளின் அடித்தோலைத் தின்றுவிட, காலிற் கந்தல் சுற்றிக்கொண்டுதான் மெசினா வரை நடந்தார்களென்று உள்ளே போகும்போது சொன்னார்.

முன்வரிசை வாங்கில் அமர்ந்திருந்த பீரங்கிப்படைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “என்ன சார்ஜன்ட், அரசாங்கம் உமக்கு இன்னும் சப்பாத்துத் தரவில்லையா?”

“உரோமாபுரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். வழியில் வருகிறது.”

வாங்கு வாங்காகச் சிரிப்புப் பரவியது; குருவானவரும் திரும்பிப் பார்த்தார்.

இடாப்பில் அவருடைய பெயர் வந்தது. முன்வாங்கைப் பற்றி எழுந்தார்; பிறகு கையை எடுத்தார். நான் தொடவில்லை. வலக்கால் நடுங்க, விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டன. குரல் உடனே எழவில்லை. அவருக்காகச் சொல்லிவிடப் பீரங்கிப்படைக் கிழவர் வாய் திறந்தார். சார்ஜன்ட் உள்ளங்கையைக் காட்டி அவரைத் தடுத்தார்.

“பிரெசென்டே.”

தொடர்ந்து அவருடைய ஆட்களின் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவரே மறுமொழி கொடுத்தார். இடையில் ஒருமுறையும் அமரவில்லை. முதலிற் கரகரத்த குரல், கடைசிப் பெயருக்கு வந்தபோது அணிவகுப்புக்குக் கட்டளையிடும் குரலாகிவிட்டிருந்தது.

வெளியே வந்தபோது தெருக்கல் வெயிலிற் காய்ந்து கிடந்தது. சப்பாத்தை அணிவோம் என்றேன். தேவையில்லை என்றார். சூடு தாளாமல் அவர் அடியெடுத்து வைத்த விரைவுக்கு, மகளும் நானும் பின்னே ஓடவேண்டியதாயிற்று.