ஆறு மணி நேரமும் பத்து நிமிடமும்

எங்கள் ஊர்க் குகைச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் செயலாளர். இரும்புக் கதவின் சாவி, தலைவிளக்குகள், கோடையில் வழிகாட்டிகளாக வரும் மாணவர்களுக்கு வேலை நிலையம் கொடுக்கும், வேலை மணியைக் குறிக்கிற பணிச்சீட்டுகள், எல்லாம் என் மேசையில்தான். "காகிதம் சரியா இல்லைன்னா மிலோய்கா குகைக்குள்ள காத்தைக்கூட விடமாட்டா" என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரன் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான், கேலியை அல்ல.

அப்படிப்பட்ட நான் ஒருத்தியைப் பார்த்து வாயடைத்து நின்றிருக்கிறேன். பெயர் யெர்னேயா. நாட்டின் மறு கோடியிலிருந்து, முரா ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவள். தலைநகர் லியுப்லியானாவில் நில அளவை படித்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் முதுகுப்பையும் ஒரு பாட்டில் பூசணிவிதை எண்ணெயுமாக வழிகாட்டி வேலைக்காக என் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். புளிக்கவைத்த முட்டைக்கோசும் அவரையும் போட்டு நான் வைத்துக் கொடுத்த சாற்றில் அந்தக் கறுப்பு எண்ணெயைக் கடகடவென்று ஊற்றினாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏடி, மூணு மணி நேரம் கிண்டியிருக்கேன். அதுல போய் இதைக் கொட்டுறியே?"

"இது இல்லாம சாப்பாடு இறங்காது அத்தை. நீங்களும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்களேன்."

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முதல் நாள் குகையின் பெரிய கூடத்துக்குள் அழைத்துப் போனபோது எல்லாரையும் போல அவளும் தலையை அண்ணாந்து நின்றாள். பிறகு "உயரம் எவ்வளவு?" என்று கேட்டாள். அறுபத்திரண்டு மீட்டர் என்றேன். என் தாத்தா காலத்திலிருந்து வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மறுவாரம் கல்லூரியிலிருந்து கருவியை இரவல் வாங்கி வந்து, மூன்று தடவை அளந்துவிட்டு, "அறுபத்து நாலு" என்றாள். சங்கத் தலைவர் எவ்கென் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பலகையை மாற்றி எழுதினோம். அவளுக்கு ஒரு எண் தப்பாக இருந்தால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

படிக்கிற பிள்ளைகள் எல்லாருடைய மண்டையிலும் ஒரு தொகை இருக்கும். வருஷச் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டினால் தங்கள் பெயரிலேயே வருமான வரி கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய அடி வீட்டுக்கு விழும். பிள்ளையைத் தன் பொறுப்பில் இருப்பதாகக் காட்டித் தகப்பன் வாங்கும் வரிச்சலுகை போய்விடும். யெர்னேயாவின் அப்பா கேஸா, ஊர் ஊராகப் பால் சேகரிக்கும் லாரி ஓட்டுகிறவர். தாய் இல்லை. அந்தச் சலுகையால் அவருக்குத் திரும்பி வரும் பணம்தான் வீட்டுக்குக் குளிர்கால விறகு. அதனால் அவள் ஒவ்வொரு வருஷமும் கோட்டுக்கு ஒரு யூரோக் காசளவு கீழே நிற்பாள். போன வருஷமும் செப்டம்பர் முப்பதோடு நிறுத்திவிட்டாள். "முடிஞ்சது அத்தை. இனிமே ஒரு மணி நேரம் வேலை செஞ்சாலும் அப்பாவுக்கு விறகு கிடையாது" என்றாள்.

அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாளாக மழை. சாவியையும் தலைவிளக்கையும் திருப்பிக் கொடுக்க அவள் பேருந்தில் வந்திருந்தாள். குகைக்குள் ஆறு ஓடும் கீழ்க்கூடத்துக்கு எங்கள் பழைய வழிகாட்டி ஸ்டோயான், பத்தொன்பது பள்ளிப் பிள்ளைகளோடும் ஒரு ஆசிரியையோடும் இறங்கியிருந்தான். மேசைமேல் விளக்கை வைத்தாள். நான் பதிவேட்டில் கையெழுத்து வாங்கப் புத்தகத்தைத் திருப்பினேன். அந்த நொடியில் மின்சாரம் போயிற்று. கூடவே குகைக்குள்ளிருந்து வரும் கம்பித் தொலைபேசி அடித்தது.

ஸ்டோயான்தான். "மிலோய்கா, விளக்கு போச்சு. ஆறு பாலத்து மேல ஏறிடுச்சு. நான் வழுக்கி விழுந்துட்டேன், கால் உடைஞ்சிருச்சு. பிள்ளைங்க அழுதுங்க. திரும்பி வர வழியில்ல..." அத்தோடு தொலைபேசியும் செத்தது.

மீட்புக்காரர்களுக்குச் சொன்னேன். நகரத்திலிருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், மேசையில் விளக்கைக் காணோம். அவள் தலையில் இருந்தது.

"மேட்டுல இருக்கிற மேல் பொந்து வழியா கீழ்க்கூடத்துக்கு இறங்கலாம் அத்தை. ஆகஸ்ட்ல நான் முழுசா அளந்திருக்கேன்."

அந்த நேரத்தில் என் வாயில் வந்த சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "நில்லுடி! உன் பணிச்சீட்டு முடிஞ்சுபோச்சு. சீட்டு இல்லாம உனக்குக் காப்பீடு கிடையாது!"

ஓடுகிறவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போ எழுதுங்க!"

மழையில் அவள் பின்னாலேயே பொந்தின் வாய்வரை ஓடினேன். அவள் கால் முதலில் உள்ளே போயிற்று, பிறகு தோள், பிறகு விளக்கின் வெளிச்சம். அங்கேயே நின்று கைப்பேசியில் மாணவர் வேலை நிலையத்தைக் கூப்பிட்டேன். என்ன வேலை என்று ஒரு பெண் சாவகாசமாகக் கேட்டாள். வழிகாட்டி என்றேன். எத்தனை மணிக்கு ஆரம்பம் என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐந்து.

அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. எவ்கென் வந்தார், ஊரின் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பொந்துக்குள் தலையைவிட்டால் அடியில் ஆறு உறுமுவது கேட்டது. ஒன்றே கால் மணி ஆனது. ஒன்றரை ஆனது. மலைச்சாலையில் மரம் விழுந்துவிட்டது, மீட்புக்காரர்கள் வரத் தாமதம் என்று தகவல் வந்தது.

அப்போது பூமிக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "ஏழு." பிறகு இன்னொன்று. "எட்டு." நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரும் தெரியவில்லை, வெளிச்சமும் இல்லை. எண்கள் மட்டும் பாறைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தன. பத்தொன்பது வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தன. தேவாலயத்தில்கூட அப்படி நின்றதில்லை நான்.

அவள் என்ன செய்திருக்கிறாள் என்றால், ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் அளந்தபோது வழியில் கட்டிவிட்டிருந்த கயிற்றைப் பிள்ளைகளைப் பிடிக்க வைத்து, ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறாள். வழி முழுக்க வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். எண் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். சொல்லுகிற மும்முரத்தில் பிள்ளைகள் அழ மறந்துவிட்டார்கள்.

முதலில் அவள் வெளியே வந்தாள். தலையிலிருந்து கால்வரை சேறு. பிறகு ஒவ்வொரு பிள்ளையாக இழுத்து வெளியே விட்டாள். ஒவ்வொரு தலையிலும் கையை வைத்தாள். கடைசியாக ஆசிரியை. "பத்தொன்பது" என்றாள் யெர்னேயா. என் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டுப் பொந்தை நோக்கித் திரும்பினாள்.

சட்டையைப் பிடித்தேன். "எங்கடி போற? பைத்தியமா உனக்கு?"

"ஸ்டோயான் அண்ணன் தனியா இருக்காரு. தண்ணி ஏறுது. நகர முடியாத ஆளை மேல ஏத்தி வைக்கணும் இல்ல?"

"மீட்புக்காரங்க வருவாங்க!"

"வரட்டும். அதுவரைக்கும் அவரு யாரோட பேசுவாரு?" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டுப் போனாள். மனுஷியா இவள் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஸ்டோயானை இழுத்துத் தூக்கி உயரமான பாறை விளிம்பில் ஏற்றி, உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மீட்புக்காரர்கள் மூன்றரைக்குத்தான் வந்தார்கள். தூக்குப்படுக்கையை அந்தப் பொந்து வழியே ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்டோயான் வெளியே வந்த பிறகு, எல்லாருக்கும் கடைசியாக அவள் வந்தாள். என் கை தன்னால் கடிகாரத்தைத் திருப்பியது. ஆறு பதினைந்து.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். அவளையும் கூப்பிட்டிருந்தோம். எவ்கென் தொண்டையைச் செருமினார். "பாரும்மா, மணி நேரத்தைப் போட்டா நீ கோட்டைத் தாண்டிடுவ. உங்கப்பாவுக்குச் சலுகை போயிடும். எடுத்த சீட்டை மணி எழுதி மூடியாகணும், சரி. பத்து நிமிஷம்னு போட்டுடலாமே? யாரு கேக்கப் போறா?"

காகிதத்தில் பொய் எழுதுவது என்றால் எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் அன்றைக்கு நானும் தலையை ஆட்டினேன். அவளுக்காக எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பேன்.

யெர்னேயா சீட்டை என் பக்கம் தள்ளினாள். "கீழ இருட்டுல பத்தொம்பதுன்னு எண்ணினேன். பதினெட்டா இருந்தா நான் மேல வந்திருக்க மாட்டேன். இப்போ மேல வந்து, வெளிச்சத்துல உக்காந்துக்கிட்டு, ஆறு மணி நேரத்தைப் பத்து நிமிஷம்னு எண்ணச் சொல்றீங்களா?"

நான் பேனாவை எடுத்து ஆறு என்று எழுதினேன்.

வாசலில் என்னைத் தனியே பிடித்தாள். "அத்தை, அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவரு படகுல முரா ஆத்தைக் கடக்கவே கண்ணை மூடிக்குவாரு. தெரிஞ்சா என்னை இனிமே நிலத்துக்கு அடியில விடமாட்டாரு." சத்தியம் செய்து கொடுத்தேன். செய்தித்தாளில் 'ஒரு மாணவி' என்று மட்டும் வந்திருந்தது, ஊர்ப்பெயரும் பாதி தப்பு.

இந்த வருஷம் மே கடைசி. அலுவலகக் கதவு படாரென்று திறந்தது. பால் கம்பெனியின் மேல்சட்டையோடு ஒரு உயரமான மனிதர். நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு வண்டி ஓட்டி வந்திருந்தார். வரி அலுவலகத்தின் இரண்டு கடிதங்களை என் மேசையில் அடித்தார்.

"நான் யெர்னேயாவோட அப்பன். என் பொண்ணு பதினொரு யூரோ வரி கட்டணுமாம். எனக்குத் திரும்பி வர்ற பணம் வராதாம், மேல நான் வேற கட்டணுமாம். அவ செப்டம்பரோட வேலையை விட்டுட்டா. அக்டோபர்ல ஆறு மணி நேரம்னு போட்டிருக்கு. என் பொண்ணு சீட்டுல எவனுக்குக் கூலி குடுத்தீங்கம்மா?"

அப்படிப்பட்ட திருட்டு நடக்காத நாடா இது? வேலை செய்கிறவன் ஒருத்தன், சீட்டு ஏதோ ஒரு மாணவன் பெயரில். அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான். இருந்தாலும் என்னைப் பார்த்து, இருபத்திரண்டு வருஷம் ஒரு நிமிஷத்தைத் திருடாத என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டாரே!

"உங்க பொண்ணைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சரியாத்தான் இருக்குப்பா'ங்கறா. வேற வாயைத் திறக்கமாட்டேங்கறா. உங்களைக் காப்பாத்துறா!"

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பதில் சொன்னால் சத்தியம் போய்விடும். சாவியையும் அந்தச் சீட்டின் நகலையும் எடுத்தேன், அவர் தொப்பிமேல் ஒரு தலைவிளக்கை மாட்டினேன். "வாங்க என்கூட" என்றேன்.

இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வெளுத்த முகத்தோடு இறங்கினார். பெரிய கூடத்தில் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கீழ்க்கூடத்தில் ஆறு சாதுவாக, கணுக்கால் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறிய இடத்தில் நாங்கள் சிவப்புக் கோடு போட்டுத் தேதி எழுதுவது வழக்கம். என் விளக்கைப் புதுக் கோட்டின்மேல் காட்டினேன்.

தேதியைப் படித்தார். கையிலிருந்த கடிதத்தோடு நான் நீட்டிய சீட்டின் நகலையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதே தேதி. கோட்டைத் தொடக் கையை நீட்டினார். அத்தனை உயரமான மனிதருக்கு எட்டவில்லை. நான் விளக்கை இன்னும் மேலே கொண்டுபோய், கோட்டுக்கு இரண்டு சாண் மேலே இருந்த பாறை விளிம்பைக் காட்டினேன். இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம், அவ்வளவு இடம்தான்.

"இங்கயா?" என்றார்.

தலையை ஆட்டினேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்தொன்பது பிள்ளைகளையும் ஸ்டோயானையும் பற்றிச் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறியதற்கு உரிய தண்டனையை யெர்னேயா பிறகு எனக்குக் கொடுத்தாள், அது வேறு. அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்போது கண்ணை மூடவில்லை. அப்புறம் விளக்கோடு தொப்பியைக் கழற்றினார்.

திரும்ப ஏறும்போது பாதிப் படியில் நின்றார்.

"எத்தனை மணிக்கு உள்ள போனா?"

"பன்னிரண்டு அஞ்சு."

"வெளிய வந்தது?"

"ஆறேகால்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டையின் உள்பையில், மார்புப் பக்கமாக வைத்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம் குறைச்சு எழுதியிருக்கீங்கம்மா" என்றார். "அதையும் போட்டிருக்கணும்."