பெருமாள்சாமியின் கைநாட்டு

உத்தமன் பி.யு.சி. தேறியவன். பெங்களூர் மர்பி டவுனில் அந்தத் தெருவிலேயே அவன்தான் முதல். அக்கா தமயந்தி ஐந்தாவதோடு நின்று, பங்களாக்களில் பாத்திரம் தேய்த்து அவனைப் படிக்க வைத்தாள். சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று அப்போதுதான் ஒரு சங்கம் முளைத்திருந்தது. அதற்கு இங்கே உத்தமன், கோலார் தங்கவயலில் தியோடர்.

வாரம் ஒரு கடிதம். யார், எந்தக் குழியில், யார் சொல்லி இறங்கினார் என்று எழுதி, இறங்கியவரிடம் கைநாட்டு வாங்கி அனுப்புவான். தியோடர் படித்துவிட்டு, பதிலோடு அதையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருவர் மாட்டினால் மற்றவரும் மாட்டக் கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. திரும்பி வந்தவற்றைத் தேதிவாரியாக நூலில் கோத்து பிஸ்கட் டின்னில் வைப்பது தமயந்தியின் வேலை. ஒரு தேதிகூட மாறியதில்லை.

1991 நவம்பரில் பெருமாள்சாமி குழிக்குள் மூச்சுமுட்டிச் செத்தார். குடித்துவிட்டுத் தானாக விழுந்தார் என்றார் மேஸ்திரி. மேஸ்திரிதான் தினமும் இறக்குகிறார் என்று, சாவதற்கு ஐந்து நாள் முன்பு பெருமாள்சாமியே கைநாட்டு வைத்த கடிதம் திரும்பி வந்து டின்னில் இருந்தது. ஜனவரியில் விசாரணை.

டிசம்பரில் காவிரிக் கலவரம்; தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். சங்க வேலையாகப் போன உத்தமன் மாநில எல்லையில், அத்திபெலேயில் மாட்டிக்கொண்டான். மத்தியானம் பக்கத்து வீட்டுச் சரளா ஓடிவந்தாள்.

“தமிழ்ப் பேப்பர் இருந்தா கொளுத்திடுக்கா. வூடு வூடா பூந்து பாக்கறாங்களாம்.”

“யாரு சொன்னது?”

“யாரு சொன்னா இன்னா? நான் காலண்டரையே கொளுத்திட்டேன். உன் டின்னு நெறைய தம்பி பேருதான் கீது.”

தமயந்தி நூலை அவிழ்த்து, ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். பெருமாள்சாமியின் கைநாட்டு வந்தபோது கை நின்றது. செத்தவருக்காக இருப்பவனை விட முடியுமா என்று அதையும் வைத்தாள்.

அந்தத் தெருவுக்கு யாரும் வரவில்லை.

நான்காம் நாள் உத்தமன் வந்து டின்னைத் திறந்தான்.

“எல்லாமாக்கா?”

“எல்லாந்தான்.”

காலி டின்னை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான். விசாரணையில் ஆதாரம் எங்கே என்றார் அதிகாரி. “நான் தொலைச்சிட்டேன் சார்” என்றான். வாசலில் நின்ற தமயந்திக்கு அது கேட்டது. பெருமாள்சாமியின் மனைவி மகா அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குடித்து விழுந்தார் என்றே முடித்தார்கள். பிறகு கைநாட்டு வைக்கவும் ஆள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உத்தமன் தியோடருக்கு எழுதினான். ஒட்டுமுன் தமயந்தி வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘கடிதங்களை நான் தொலைத்துவிட்டேன் தோழர். இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.’

“பேனா குடு” என்றாள். அந்த முதல் வரியை அடித்துவிட்டு, கீழே தேதி போட்டு எழுதினாள்: ‘எரித்தது நான். யார் சொல்லியும் அல்ல. தமயந்தி.’