லாக்கிக்காகப் பின்னால் போகாதவள்

மார்சலி மக்ஃபெயிலுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவள் ஓட்டிய சுற்றுலாப் பேருந்தின் நீளம் பன்னிரண்டு மீட்டர். மல் தீவில் அந்தப் பேருந்து போகவேண்டிய சாலையின் அகலம் மூன்று மீட்டர் சொச்சம். இந்த மூன்றும் தெரிந்தால் அவளைப் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி லாக்கி.

லாக்கி அவளுடைய முன்னாள் கணவன். அவனும் சுற்றுலாப் பேருந்துதான் ஓட்டுகிறான், வேறொரு கம்பெனிக்கு. பதினாறு வருட வாழ்க்கையில் எந்தச் சண்டையிலும் முதலில் இறங்கிவந்தது அவள்தான். விவாகரத்து ஆன அன்று தீவின் டோபர்மோரி ஊர் மதுக்கடையில் எழுந்து நின்று, "இனி அந்த ஆளுக்காக ஒரு அடிகூட பின்னாடி போகமாட்டேன்" என்றாள். விடிவதற்குள் தீவிலுள்ள ஆடுகள்வரை சேதி போய்விட்டது.

ஏப்ரல் முதல் அக்டோபர்வரை பென்ஷன்காரர்களை ஏற்றிக்கொண்டு, பழைய மடாலம் உள்ள பக்கத்துக் குட்டித் தீவான அயோனாவின் படகுத்துறைவரை போய்வருவது அவள் வேலை. மைக்கில் சரித்திரமும் சொல்வாள். "அயோனாவுல நாப்பத்தெட்டு ராஜா புதைஞ்சிருக்காங்கன்னு சொல்றாங்க. பாதிப் பேரைக் கொன்னது பக்கத்துல படுத்திருக்கறவங்கதான். அதனால எல்லாரும் முதுகைக் காட்டித் தூங்கறாங்க." பாதிரியார்கள் ஏறிய நாளில்கூட இதை மாற்றியதில்லை.

ஜூன் மாதம் கடற்கழுகு பார்க்க நிறுத்தி, எதிர்க்கரை ஊரான ஓபானுக்குப் போகும் கடைசிக் கப்பலைத் தவறவிட்டாள். முதலாளி கத்தவில்லை. "இன்னொரு தடவை கப்பலை விட்டா, அயோனா ஓட்டம் என் அக்கா பையனுக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பையனுக்குப் பேருந்தைவிட அதன் கண்ணாடியில் தலை சீவுவது பிடிக்கும்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. அயோனா நினைவுப்பொருள் கடையில் அன்றைய பயணிகளான போல்டன் ஊர்க்காரர்கள் பாத்திரம் துடைக்கும் துண்டுக்குப் பேரம் பேசியதில் நேரமாகிவிட்டது. மற்ற பேருந்துகளெல்லாம் போய்விட்டன. ஏரிக்கரை வளைவில் திரும்பினால், எதிரே லாக்கியின் பேருந்து. மூக்கோடு மூக்கு.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எதிர்வண்டிக்கு வழிவிட அங்கங்கே சாலையோரம் இருக்கும் ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ, அவர் பின்னால் போகவேண்டும். அது மார்சலிக்குத்தான் பக்கம். வேறு எவனாக இருந்தாலும் இந்நேரம் போயிருப்பாள்.

லாக்கி ஜன்னலைத் திறந்தான். "மார்சலி, உன் பின்னாடியே எடம் இருக்கு. எனக்குன்னா அரை மைல் பின்னாடி போகணும். கண்ணு தெரியுதில்ல?"

"நல்லாத் தெரியுது. உன் மூஞ்சியும் தெரியுது. அதான் கால் வரமாட்டேங்குது."

"எனக்கென்ன அவசரம்? நாங்க ராத்திரி அயோனா பக்கம்தான் தங்கறோம். ஆறரைக்குத்தான் சாப்பாடு."

"உனக்கு எப்பவும் சாப்பாடுதான்யா."

முன்வரிசையிலிருந்து ஹெட்டி ஆக்டன் எட்டிப்பார்த்தாள். போல்டனில் நாற்பது வருடம் கசாப்புக் கடை நடத்தியவள். "டிரைவரம்மா, யாரு அந்த ஆளு?"

"என் பழைய புருஷன்."

பேருந்து முழுவதும் முன்பக்கக் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தது. ஆயிரத்து நானூறு வருடத்து மடாலத்துக்குக்கூட அவர்கள் இப்படி எழுந்து நிற்கவில்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்காரு" என்றாள் ஹெட்டி.

"பத்து நிமிஷம் பாக்கலாம். பதினாறு வருஷம் பாக்க முடியாது."

ஹெட்டி பிஸ்கட் டப்பாவோடு இறங்கிப்போனாள். லாக்கி இரண்டு எடுத்துக்கொண்டான். திரும்பி வந்தவள், "ஞாயம் அவர் பக்கம்மா" என்றாள்.

"அது எனக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா நிக்கறே?"

"தெரிஞ்சதாலதான் நிக்கறேன். தெரியலைன்னா எப்பவோ போயிருப்பேன்."

லாக்கியின் பேருந்துக்குப் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவன் இறங்கி சிகரெட் பற்றவைத்து, வசதியாக ஒரு பாறையில் உட்கார்ந்தான். அவன் டோபர்மோரிக்காரன்; அன்று மதுக்கடையில் இருந்தவன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, கப்பல் போயிட்டா என்ன பண்றது? என் இதய மாத்திரை ஓபான் ஹோட்டல்ல இருக்கு."

மார்சலி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். பிறகு ரிவர்ஸ் கியர் போட்டாள். பின்னால் போகும்போது அந்தப் பேருந்து கீங் கீங் என்று கத்தும். மலைக்கு மலை எதிரொலித்தது. பாறையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

பக்கத்தில் வந்ததும் லாக்கி வேகத்தைக் குறைத்தான். "ரொம்ப நன்றி, மார்சலி."

"உனக்காகப் போகலய்யா. அவருக்கு மாத்திரை வேணும். கெளம்பு."

அதற்குப் பிறகு அவள் ஓட்டிய ஓட்டத்தில் ஹெட்டி நாற்பது வருடத்தில் முதல்முறையாகப் பிரார்த்தனை செய்தாள். பலனில்லை. கிரெய்க்னூர் கப்பல் துறைக்கு வந்தபோது கப்பலின் பின்பக்கம் தெரிந்தது, அதுவும் சின்னதாக.

தீவில் ஒரு அறைகூடக் காலியில்லை. மாத்திரையை உள்ளூர் டாக்டர் கொடுத்தார். பயணிகளை ஊர் மன்றக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். பொரித்த மீனும் உருளையும் விஸ்கியும் வந்தன. மைக் இல்லாமலே மார்சலி ராஜாக்களைப் பற்றி இன்னும் மோசமாகச் சொன்னாள். போல்டன்காரர்கள் ஒருவரும் புகார் எழுதவில்லை. ஆனால் முதலாளிக்குப் புகார் தேவைப்படவில்லை, கப்பல்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

அயோனா ஓட்டம் அக்கா பையனுக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை முதல் மார்சலி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டத் தொடங்கினாள். அதே ஏரிக்கரைச் சாலையில் பள்ளிக்கூடப் பேருந்து வந்தால், ஒதுங்குமிடம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எதிரே வருகிறவர்தான் பின்னால் போகவேண்டும்.