முறை மாற்றிக் கூப்பிட்டேன்

படகு கரை தட்டும்போது என்னை நோக்கி நீளும் அந்தக் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பம் எங்களுடையது. பழவேற்காட்டுப் பள்ளிக்குப் படகில்தான் போய்வர வேண்டும். படகு மாமாவுடையது, அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் வயதுக்கு வந்த பிறகு, “என்னை எப்போ கட்டிக்கப் போற?” என்று ஊர் காதுபட என்னைக் கிண்டல் செய்வார். மாமன் முறைக்கு அந்த உரிமை உண்டு. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் இறக்கிவிட நீண்ட கை, இறங்கிய பிறகும் என்னை விடாது. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியிலுள்ள பழைய டச்சுக் கல்லறையைத் தாண்டி ஓடும்வரை காத்திருக்கும். எது கிண்டல், எது இல்லை என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. உடம்பு கூசும், தப்பு என்மேல்தானோ என்று தோன்றும். ஆள் இருந்தால் அவருக்கு வாய், ஆள் இல்லாவிட்டால் கை என்பதைக் கவனித்த அன்றுதான் தெளிந்தது. வெறும் கிண்டல் என்றால் எதற்கு ஒளிய வேண்டும்? அம்மாவிடம் சொன்னேன். மாமன்தானே, முறைதானே என்றாள். இதையெல்லாம் வெளியே சொன்னால் அப்பா, எங்கள் நைனா, படிப்பை நிறுத்திவிடுவார் என்று வேறு பயமுறுத்தினாள். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், அந்தக் கை வேண்டாம்.

ஒரு நாள் காலை, மீன் ஏலம் நடக்கிற நேரம். பழவேற்காட்டுக் கரை நிறைய ஆட்கள். மாமாவின் மனைவி, என் அத்தை, இறால் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வாயாடி, ஏலம் விடுகிறவரே அவளிடம் அடங்கித்தான் பேசுவார். மாமா வழக்கம்போலக் கை நீட்டினார். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, உரக்கச் சொன்னேன்.

“வேணாம் சின்ன நைனா. நானே எறங்கிக்கிறேன்.”

சின்ன நைனா என்றால் எங்கள் பக்கம் சித்தப்பா. அப்பாவுக்கு அடுத்த இடம். அந்த முறையில் இந்தக் கிண்டலெல்லாம் நடக்காது. முறை தெரியாத பெண் என்று சிலர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“அவரு ஒனக்கு சின்ன நைனான்னா, நான் இன்னா முறை?”

சின்னம்மா என்றேன்.

“அப்டியே கூப்டு. ஊரு கேக்கட்டும்.”

மறுநாளிலிருந்து அவள் கூடையோடு எங்கள் படகில் வந்தாள், எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து. நான் பள்ளியை முடித்தேன். அதற்காக அவள் வீட்டில் என்னென்ன பட்டாளோ, சொன்னதில்லை. அவரோடுதான் கடைசிவரை இருந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவள்மேல்கூடக் கோபம் வரும்.

போன வருஷம் இறந்துபோனாள். இப்போது பாலம் இருக்கிறது, வண்டியிலேயே போய் இறங்கினேன். மாமா பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் மரியாதையாகத் துக்கம் விசாரித்தார்கள். அவரைத் தாண்டி உள்ளே போய், சின்னம்மா என்று சொல்லி அழுதேன். யாராவது முறையைத் திருத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பெரியம்மா மகள், என்னைவிடப் பல வயது இளையவள், எனக்குப் பிறகு அதே படகில் பள்ளிக்குப் போனவள், ஓடி வந்து சின்னம்மாவின் காலடியில் விழுந்தாள். பந்தலில் இருந்தவர் இவளுக்கும் மாமன்தான். அத்தை என்று சொல்லித்தான் இவள் அழ வேண்டும்.

“எஞ் சின்னம்மா, போயிட்டியே,” என்று அழுதாள்.