இலையில் வைக்க ஒரு கிளாஸ் பீர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷக் கடைசியில் மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு மலாக்காச் செட்டி விதவையின் வீட்டில் பின்பக்கத்து அறையில் குடியிருந்தேன். செங் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, செமாபோக்கில் மண் சுமந்து, எதிலும் நிலைக்காமல் அங்கே வந்திருந்தேன். அடுத்த அறையில் ஒரு லாரிக்காரர், அவர் மனைவி, கைக்குழந்தை. அந்த அக்காவிடம்தான் எனக்குச் சாப்பாடு.

வீட்டுக்கார அம்மாவை மலாய் வழக்கப்படி மாக்சிக், அத்தை, என்று கூப்பிடுவோம். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். அவருடைய கணவர் வெள்ளைக்காரர்களின் பட்டாள முகாமில் சமையல்காரர். அங்கே கற்றுக்கொண்டு வீட்டிலேயே பீர் தயாரித்தவர். அந்த வருஷம்தான் இறந்திருந்தார். போகியன்று, இறந்தவர்கள் விரும்பிச் சாப்பிட்டதை இலையில் படைப்பது அவர்கள் வழக்கம்.

"கடை பீரைக் கழுவின தண்ணின்னு சொன்ன மனுஷன்," என்றார் மாக்சிக் மலாயில். "அதையா அவர் இலையில வைப்பேன்? தம்பி, நீதான் போட்டுத் தரணும்."

மாக்சிக் பக்கத்திலிருந்து பார்த்தவர், செய்தவரில்லை. நான் பார்த்ததுகூட இல்லை. தோல் நீக்காத பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, உடைத்து, சுடுநீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். சற்று நேரத்தில் அந்தத் தண்ணீர் தானாகவே இனிக்குமாம். இனித்தால்தான் கள்ளின் மண்டியைப் போட்டுப் புளிக்கவைக்கலாம். இல்லாவிட்டால் வெறும் கஞ்சி.

எங்களுக்குக் கஞ்சிதான் வந்தது. மாக்சிக் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "பெலும் மானிஸ்," என்றார். இன்னும் இனிக்கவில்லை.

சூடு போதவில்லை என்று அடுத்த முறை கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். கூழாகிவிட்டது. மாவாக அரைத்துப் பார்த்தேன். வடிகட்டும் துணியில் அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்கவில்லை. எது தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, இது உங்க பெரியவருக்கா, மாட்டுக்கா?" என்று அக்கா கேட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் பங்கு வேலையை விடவில்லை. குழந்தையின் கேழ்வரகை முளைகட்டி வறுப்பாரே, அதேபோலக் காய்ந்த பார்லியையும் வாணலியில் மணக்க மணக்க வறுத்துக் கொடுப்பார்.

போகி நெருங்கியபோது அடைமழை. விறகெல்லாம் ஈரம். காய்ந்திருந்த கொஞ்சத்தைத் தண்ணீர் சுடவைக்க ஒதுக்கியதால் அக்கா வறுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராததால் கிணற்று நீர். கை வலித்ததால் பார்லியைக் கொரகொரப்பாகவே உடைத்தேன். மாக்சிக் கணவருடைய பழைய கம்பளியைக் கொண்டுவந்து பானையைச் சுற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி இறந்துபோன அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

மூடியைத் திறந்து விரலை விட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது.

"மானிஸ்! மானிஸ்!" மாக்சிக் கத்தினார். "கம்பளிக்குள்ள அவரே வந்துட்டார்!"

"கம்பளியாவது! கிணத்துத் தண்ணிதான்," என்றார் அக்கா. உடைத்த பக்குவம் என்றேன் நான். அக்கா அத்தோடு விடவில்லை. "வறுக்காமலே இப்படி இனிக்குதே. வறுத்திருந்தா எப்படி இனிச்சிருக்கும்!"

அது எங்கள் மூவருக்குமே நியாயமாகப் பட்டது. உறவினர்களுக்கும் வேண்டுமென்று மறுபானை போட்டோம். அதே கிணறு, அதே கம்பளி, அதே கொரகொரப்பு, மாக்சிக்கின் அதே வெற்றிலை. கூடுதலாக அக்காவின் வறுவல். கஞ்சிதான் வந்தது.

வறுக்கும் சூட்டில் முளையின் சக்தி செத்துவிடும், அதுதான் மாவை இனிப்பாக்குவது என்று பல வருஷம் கழித்து வேறோர் ஊரில் கேள்விப்பட்டேன். அன்று எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பார்லி மூட்டை மாறிவிட்டது என்றார் அக்கா. பெரியவர் கோபித்துக்கொண்டார் என்றார் மாக்சிக். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

இனித்த ஒரு பானையைத்தான் பெரியவர் விட்டுப்போன, பீருக்குப் போடும் கசப்புப் பூவோடு காய்ச்சிப் புளிக்கவைத்தோம். போகியன்று அதில் ஒரு கிளாஸ் இலைக்குப் போனது. பெரியவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். திறந்தபோது நுரை அடங்கியிருந்தது. மாக்சிக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. கண் கலங்கியது.

"அவர் போட்டதும் இப்படித்தான், வாயில வைக்க முடியாது," என்று சிரித்தார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷமும் இதே மாதிரி, ஒண்ணும் மாறாம."

சரி மாக்சிக் என்றேன். எதை மாற்றாமல் இருக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.