அவர் பெயரைச் சொன்ன நாள்

பாளையங்கோட்டைச் சர்க்கார் கச்சேரிக்கு எதிரே நின்ற வேப்பமரத்தடியில், கப்பலுக்குப் போகிற பெண்களை உட்காரவைத்து, “உன் புருஷன் பேரைச் சொல்லு” என்று நான் அதட்டிய காலம் ஒன்று உண்டு. சிலர் அழுதார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். கச்சேரிச் சேவகர்களுக்கு நான் பைத்தியக்காரி. அப்போது மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்த்தேன். எழுத்துப் படித்ததும் அங்கேதான். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களுக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம். செம்மண், பனை, முள். தாமிரபரணிக் கரையில் வயலெல்லாம் பச்சை என்று கேள்விப்பட்டுப் பெருமூச்சு விடுவதோடு சரி, அந்தத் தண்ணீர் எங்களை எட்டிப் பார்த்ததில்லை. மழை பொய்த்துப் பொய்த்து, என் வீட்டுக்காரருக்குக் கூலிவேலை அடியோடு நின்றது. பனங்கிழங்கும் தீர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து, தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நேட்டாலுக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டு ஒருவன் வந்தான். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ வேலை, வயிறாரச் சோறு, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே போகலாம் என்றான். என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் தலையாட்டினார்.

“நீ வராட்டா நான் ஏன்ட்டி போவுதேன்? செத்தாலும் இங்கனயே சாவோம்” என்றார்.

கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. எனக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. இதை எழுத வெட்கப்படும் வயதைத் தாண்டிவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஏஜெண்டின் கொட்டகையில் எங்களைத் தங்கவைத்தார்கள். கச்சேரியில் வெள்ளைக்காரத் துரை கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கப்பல். அதற்கு முன்பெல்லாம் பெண்களைக் கூட்டமாக நிறுத்திக் கேட்பார்களாம். ஒருத்தியின் புருஷன் பெயரைப் பக்கத்தில் நிற்பவள் சொல்லிவிடுவாள். எங்களுக்குள் எதற்கும் அதுதான் வழக்கம். கோவிலில் அர்ச்சனைக்குக்கூட அடுத்த வீட்டுக்காரிதான் பெயர் சொல்ல வேண்டும். தன் வாயால் சொன்னால் புருஷனின் ஆயுசு குறைந்துபோகும்.

ஆனால் யாரோ ஓர் ஏஜெண்டு, எங்கிருந்தோ தூக்கிவந்த பெண்ணை எவனுக்கோ பெண்சாதி என்று காட்டிக் கப்பலேற்றிவிட்டான். அவள் அக்கரையில் போய்க் கதறியிருக்கிறாள். அக்கரைச் சர்க்காரும் இக்கரைச் சர்க்காரும் கலந்து பேசி, இனி எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று புதிதாக ஒரு விதி போட்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போக வேண்டும். புருஷன் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நல்ல எண்ணந்தான், இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு சர்க்காரில் ஏதாவது ஒன்று எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கொட்டகையில் என் பக்கத்தில் படுத்தவள் ஓர் இளம் விதவை. தனியாக வந்தவள் என்றால் துரை துருவித் துருவிக் கேட்பார் என்று, ஏஜெண்டு அவளை ஒரு வண்டிக்காரனுக்குப் பெண்சாதியாக ஜோடி சேர்த்துவிட்டான். முன்பின் பார்த்திராத ஆள். அவன் பெயரை அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது கூசியது.

“எப்படிக்கா வாய் கூசாமச் சொல்லுதீங்க?” என்றேன்.

“எம் புருசன் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்ல. அப்படியும் செத்துட்டான்” என்றாள். “இவன் பேரைச் சொல்லுததுல எனக்கு என்ன நட்டம்?”

அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. சிரித்தேன்.

மறுநாள் ஆண்களை முதலில் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் பெருவிரலில் மையோடு வெளியே வந்து, பைய என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். ரேகை வைத்தபின் பின்வாங்கினால் ஜெயில் என்று ஏஜெண்டு முன்னாலேயே சொல்லியிருந்தான்.

விதவை எனக்கு முன்னால் போனாள். போன சுருக்கில் வெளியே வந்தாள். அவளுக்குக் கப்பல் உண்டு.

என் முறை வந்தது. துரை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா நம்மூர்க்காரர். நெற்றியில் பட்டையாக விபூதி.

“உன் புருசன் பேரு என்ன?”

நான் தலை குனிந்துகொண்டேன்.

“காது கேக்கல? பேரைச் சொல்லு.”

“பின்னால கொல்லையில நிக்காக. அவுககிட்டயே கேளுங்க ஐயா.”

“அவன்கிட்ட கேக்கக் கூடாது. நீதான் சொல்லணும்.”

“வெளிய நிக்கிற பொம்பளையள்ல ஒருத்தியக் கூப்பிடுங்க. சொல்லுவா.”

“கூப்பிடக் கூடாது.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “உங்க வீட்டு அம்மா உங்க பேரைச் சொல்லுவாகளா ஐயா?” என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. நம் வழக்கம் அவருக்குத் தெரியாதா? துரையிடம் எடுத்துச் சொல்ல அரை நிமிஷம் போதும். இங்கிலீஷில் ஏதோ ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். துரை நிமிர்ந்து என்னை இரக்கமாகப் பார்த்தார். அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“புருசன் பேரு தெரியாதவ பெஞ்சாதி இல்லன்னு துரை சொல்லுதாரு” என்றார் குமாஸ்தா. “உன்னைக் காப்பாத்தியாச்சு. சேவகன் பத்திரமா ஊர்ல கொண்டு விடுவான். போ.”

அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடல் தாண்டப் போகிற மனுஷன். போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை என்று ஊரே பேசுகிறது. அப்படிப்பட்டவரின் ஆயுசில் நானே கைவைக்கவா? நான் செய்தது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சேவகன் என்னை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளவிட்டான். மறுநாள் ஊருக்குப் போகலாம் என்றான். சர்க்கார் எனக்குக் கொடுத்த பாதுகாப்பு அதுதான். விடிந்ததும் அவன் கண்ணில் படாமல் வெளியேறி ஏஜெண்டின் கொட்டகைக்கு ஓடினேன். காவல்காரன் மட்டும் இருந்தான்.

“எல்லாரும் ரயிலு டேசனுக்குப் போயாச்சு. உன் புருசன் நேத்து ஒரே ரகளை” என்றான். “ஏஜெண்டு அண்ணாச்சிதான் அடக்குனாரு. ‘உன் பெஞ்சாதி வரமாட்டேன்னு துரை முன்னாலயே சொல்லிட்டா, நீ ஏம்லே கத்துத’ன்னாரு. பொறவு அவன் வாயத் திறக்கல.”

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷன்வரைக்கும் ஓடினேன். கப்பல் புறப்படுகிற சென்னைப் பட்டணத்துக்குப் போகிற ரயில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஒரு பெட்டியில் அவருடைய முதுகு தெரிந்தது. மேடைக்குள் போக விடாமல் கம்பி வேலியோரம் ஒரு போலீஸ்காரன் தடுத்தான்.

“இங்கேருங்க” என்று கத்தினேன். வழியனுப்ப வந்த பெண்கள் எல்லோரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். “இங்கேருங்க, இங்கேருங்க.” எந்தக் குரல் எவளுடையது என்று யாருக்குத் தெரியும்? அவர் திரும்பவில்லை.

அந்தப் பெட்டி வாசலில் விதவை மூட்டையோடு நின்றாள். தன் வண்டிக்காரனைப் பெயர் சொல்லி ஒரு தரம்தான் கூப்பிட்டாள். அவன் உடனே எழுந்துவந்து மூட்டையை வாங்கிக்கொண்டான். எனக்கு அதைப் பார்த்ததும் பொறாமையில் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

கார்டு விசில் ஊதினான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அவர் பெயரைச் சொன்னேன். அவர் தகப்பனார் பெயரையும் சேர்த்து, ஸ்டேஷனே கேட்கும்படி சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

அவர் திரும்பினார். ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். என்னைத்தான் பார்த்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாருங்கள், கச்சேரியில் இதைச் சொல்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“கூட வரமாட்டேன்னவ, கப்பலேறுத நேரத்துல என் உசிரை எடுக்கவாட்டி வந்த?” என்றார்.

ரயில் நகர்ந்தது. நான் விடவில்லை. வேலி முடிகிறவரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே கூட ஓடினேன். அவர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பலகையை இறக்கிவிட்டார்.